விலகிய துளை

எங்கள் ஆம்பூர் வீட்டுப் பரணில் அப்பாவின் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள், பழைய சம்பளச் சீட்டுகளுக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். 1984-இல், வேலூரை ஒட்டிய குன்று ஒன்றின் அடிவாரத்தில் நடந்த என்.சி.சி. முகாமில் நான் சுட்ட அட்டை. 25 கஜத் தொலைவு, பாயின்ட் டூ டூ ரைஃபிள், ஐந்து தோட்டா. நான்கு துளைகள் கருவட்டத்துக்கு மேலே, இடப்பக்கமாக, ஓர் எட்டணாக் காசை வைத்தால் மறைந்துவிடும் அளவுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. மீதி ஒரு துளை அவற்றை விட்டு விலகிக் கீழே நிற்கிறது. நான்கு துளைகளுக்கும் நடுவில் பென்சிலால் ஒரு சிறிய பெருக்கல் குறி. சுட்டது நான். குறி போட்டவர் எங்களுக்குப் பயிற்சி தந்த ஹவில்தார்.

அன்றைய ஒழுங்கு எளிமையானது, கடுமையானது. குப்புறப் படுத்து, முன்கையை மணல் மூட்டையில் ஊன்றி, ஐந்து தோட்டாவையும் ஒரே புள்ளியைப் பார்த்துச் சுட வேண்டும். குண்டு எங்கே விழுகிறது என்று தேடக் கூடாது. தெரிந்துவிட்டாலும் குறியை மாற்றக் கூடாது. வரிசையில் எல்லோரும் சுட்டு முடித்ததும் விசில் ஊதும். காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைத்துவிட்டு அட்டையருகே போய் நிற்போம். ஹவில்தார் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே வருவார். துளைகள் அட்டை முழுக்கச் சிதறியிருந்தால் அவர் துப்பாக்கியைத் தொடவே மாட்டார். படுத்த விதம், மூச்சு, விசையை அழுத்திய விரல், மூடிய கண் என்று பையனைத்தான் திருத்துவார். துளைகள் ஓரிடத்தில் சேர்ந்து, ஆனால் நடுவை விட்டு ஒதுங்கியிருந்தால் மட்டுமே துப்பாக்கியின் பக்கம் திரும்புவார். சிதறினால் ஆள், சேர்ந்து ஒதுங்கினால் துப்பாக்கி: இந்தியும் தமிழும் கலந்த மொழியில் அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். குறை யாருடையது என்று தெரியாமல் திருகைத் தொடுவது அவர் கணக்கில் குற்றம்.

துப்பாக்கியின் குறியைச் சரிப்படுத்துவதைப் படையில் 'ஜீரோ பண்ணுவது' என்பார்கள். கண் பார்க்கும் கோடு நேரானது. குண்டு போகும் பாதை வளைந்தது. குழலை விட்ட கணத்திலிருந்தே குண்டு குழலின் நேர்கோட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் குழல், பார்வைக் கோட்டுக்குச் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி அமைக்கிறார்கள். குண்டு கீழிருந்து எழும்பிப் பார்வைக் கோட்டை ஒருமுறை வெட்டி, மேலே சென்று, வளைந்து இறங்கும்போது இன்னொரு முறை வெட்டும். குறிப்பிட்ட தொலைவில், பார்க்கும் இடமும் படும் இடமும் ஒன்றாக இருக்கும்படி இந்த வெட்டுப்புள்ளியை நிறுத்துவதுதான் ஜீரோ. அன்றும் இதுதான், இன்றும் இதுதான். இடையில் மாறியதெல்லாம் அதை நிறுத்தும் கை.

அந்தக் கைகளில் ஒன்று என் பெரியப்பாவுடையது. அவருக்குக் கம்மவான்பேட்டை. வேலூருக்குப் பக்கத்தில், கணியம்பாடி வட்டாரத்தில் இருக்கும் அந்த ஊரைச் சுற்றுவட்டாரம் ராணுவப்பேட்டை என்றே அழைக்கும். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போவது அங்கே தலைமுறை வழக்கம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது; 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலிருந்து, ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலும் கப்பலேறியது. பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்குப் பெரும்பாலும் அதுதான் மேல்தோல். போர் முற்றியபோது அரசே கொள்முதலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இந்தப் பாலாற்றுக் கரை போருக்கு ஆளையும் கொடுத்தது, தோலையும் கொடுத்தது.

அதற்கும் நூறாண்டு முன்னால், 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் கையில் இருந்த மஸ்கட்டில் பின்குறி என்ற ஒன்றே கிடையாது. குழல் வழவழப்பானது, முனையில் பயோனெட் மாட்டுவதற்காகப் பற்றவைத்த சிறு குமிழ்தான் முன்குறி. 100 கஜத்துக்கு அப்பால் தனி ஒரு மனிதனைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அந்தத் துப்பாக்கியில் சரிப்படுத்த எதுவும் இல்லை. தோலால் செய்த சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்ன உத்தரவு அந்த எழுச்சிக்கு ஒரு காரணம் என்பதை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறப்பதில்லை.

1963-இல், சீனப் போர் முடிந்த மறுவருடம், பெரியப்பா படையில் சேர்ந்தார். குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி. முதலில் கையில் கொடுத்தது பாயின்ட் த்ரீ நாட் த்ரீ. அந்தத் துப்பாக்கியில் ஜீரோ என்பது இரும்பு வேலை. முன்குறி ஒரு சிறு தகடு. உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தகட்டையே கழற்றிவிட்டு வேறு உயரத் தகடு போட வேண்டும். த்ரீ நாட் த்ரீ வகையில் நான்காம் எண் ரைஃபிளுக்கு அந்தத் தகடுகள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு வித்தியாசத்தில் படிப்படியாக வந்தன. ஒரு படி ஏறினால் 100 கஜத்தில் குண்டு ஏறத்தாழ 2 அங்குலம் இறங்கும். பக்கவாட்டில் நகர்த்த, படையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் ஒரு பிடிகருவியை மாட்டித் தகட்டை மயிரிழை மயிரிழையாகத் தள்ளுவார். அதற்கு அப்புறம் மறுபடி ஐந்து தோட்டா, மறுபடி விசில், மறுபடி அட்டை.

இதில் புதுப் பையன்களைக் குழப்பும் விதி ஒன்று உண்டு. முன்குறியைக் குண்டு போன பக்கமே நகர்த்த வேண்டும். பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு மேலே போகிறதென்றால் முன்குறியை உயர்த்தணும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கூரையில் பந்து சிக்கினால் கம்பை நீட்டுவோம், சுருக்க மாட்டோம் என்று எனக்கு விளக்கினார் பெரியப்பா. உவமை சரியாகப் பொருந்துகிறதா என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் விதி மறக்கவில்லை.

பிறகு, தானே மறுகுண்டேற்றிக்கொள்ளும் ரைஃபிளான எஸ்.எல்.ஆர். வந்தது. அதில் முன்குறி தானே திருகாணி; சாவி போட்டுத் திருப்பினால் ஏறும், இறங்கும். பின்குறிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு. ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் நகரும். நம் திருச்சியில் 1960களில் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையும் அதைச் செய்தது. ஆர்மரரின் பெட்டியிலிருந்த தகடுகளுக்கு வேலை போயிற்று. ஆனால் ஐந்து தோட்டா, ஒரு நடுப்புள்ளி, பிறகே திருகு என்ற வரிசை அப்படியே நின்றது.

இந்த வரிசையைப் பெரியப்பா விவரிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வருவார். அவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். ஒவ்வொரு தோலாக எடுத்து, மேசைமேல் விரித்து, வெளிச்சத்தை நோக்கித் திருப்பி, முதுகிலிருந்து வயிறு வரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, அம்மைத் தழும்பு, சூடு போட்ட வடு: இவை மாட்டோடு வந்தவை. உரிக்கும்போது கத்தி இறங்கிய வெட்டு, சுண்ணாம்பில் அதிக நேரம் கிடந்து தளர்ந்த மேல்பரப்பு, சாயம் ஏறாமல் விட்ட திட்டு: இவை மனிதனால் வந்தவை. முதல் வகைக்கு யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். தரத்தை ஒரு படி இறக்கி அடுத்த கட்டில் போடுவார். இரண்டாம் வகை கண்ணில் பட்டால் தோலைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்கே நடந்து போவார். குறை எங்கே பிறந்தது என்று தெரிந்தால்தான் எங்கே திருத்துவது என்று தெரியும். ஹவில்தாரும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இன்று ஆம்பூரில் ஆவாரம்பட்டை வாசனை அநேகமாக இல்லை. குரோமில் பதனிட்ட நீலத்தோல்தான் வந்து இறங்குகிறது. பெரிய காலணித் தொழிற்சாலைகளில் தோலை மேசையில் விரித்தால் மேலிருந்து கேமரா படம் பிடிக்கிறது; எந்தத் துண்டை எங்கே வைத்தால் வீண் குறையும் என்று கணினி அடுக்கிக் காட்டுகிறது; அச்சு இல்லாமலே கத்தி வெட்டுகிறது. வீணாகும் தோல் குறைந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. எங்கே கீறல் இருக்கிறது என்று குறித்துக் கொடுக்க மட்டும் இன்னமும் ஓர் ஆள் மேசையருகே நிற்கிறார்.

படையில் பெரியப்பா பார்த்த முதல் தொலைநோக்கிக் குறி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து 'நம்பர் 32'. ஸ்கோப் என்று இன்று எல்லோரும் சொல்வதன் தாத்தா. முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக எண்ணப்பட்டு, கடைசியில் நான்காம் எண் ரைஃபிளின் தேர்ந்தெடுத்த துப்பாக்கிகள் மேல் ஏறியது. 3 மடங்குதான் பெரிதாக்கும். ஆனால் ஒவ்வொரு ஸ்கோப்பும் ஒவ்வொரு துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது. ஸ்கோப்பின் எண்ணைத் துப்பாக்கியின் கட்டையில் பொறித்தார்கள். துப்பாக்கியின் எண்ணை, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் தாங்கியில் பொறித்தார்கள். ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டக் கூடாது. மாட்டினால் அது குருட்டுத் துப்பாக்கி.

அந்த ஸ்கோப்பின் மேற்குமிழ் தொலைவுக்கு, பக்கக் குமிழ் காற்றுக்கு. ஜீரோ கிடைத்த பின் குமிழின் முகத்திலுள்ள திருகுகளைத் தளர்த்தி, உள்ளிருக்கும் தண்டு நகராமல் பிடித்துக்கொண்டு, வெளி வளையத்தை மட்டும் சுழற்றி அளவுக்கோட்டைச் சரியான எண்ணில் நிறுத்த வேண்டும். ஒருவர் துப்பாக்கியைப் பிடிக்க, ஒருவர் தண்டைப் பிடிக்க, ஒருவர் வளையத்தைத் திருப்ப என்று அது கூட்டு வேலை. பிந்தைய மாதிரியில்தான் ஒருவரே செய்யும்படி எளிமையானது. தொடக்க மாதிரியில் பக்கக் குமிழின் ஒரு 'கிளிக்' 100 கஜத்தில் 2 அங்குலம். பிந்தையதில் 1 அங்குலம். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்கோப்பில் அது கால் அங்குலம். மீட்டர் கணக்கில் செய்யப்பட்டவற்றில் 100 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்.

இந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகப் படும் மாற்றம் வேறொன்று. நம்பர் 32-இல் குமிழைத் திருப்பினால் கண்ணுக்குள் தெரியும் ஊசிமுனையும் குறுக்குக்கம்பியுமே நகரும். சரிசெய்யச் சரிசெய்ய அது வட்டத்தின் நடுவை விட்டு ஒதுங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு திருத்தியிருக்கிறோம் என்பதைப் பார்வையே சொல்லிக்கொண்டிருக்கும். மிகவும் ஒதுங்கியிருந்தால், ஸ்கோப்பில் அல்ல, தாங்கியைப் பொருத்தியதிலேயே தவறு என்று ஆர்மரரிடம் கொண்டுபோவார்கள். இப்போதைய ஸ்கோப்பில் சிலுவைக்கோடு எப்போதும் வட்டத்தின் நட்டநடுவில் நிற்கிறது. குமிழைத் திருப்பும்போது உள்ளே ஒரு சிறு குழாய் சாய்ந்து, காட்சிதான் அதன் பின்னால் நகர்கிறது. பார்க்க அழகு, கண்ணுக்கு வசதி. ஆனால் திருத்தம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. குழாய் தன் எல்லைச் சுவரை முட்டி இனி நகராது என்னும்வரை, தாங்கி கோணலாக இருப்பதே தெரியாமல் போகலாம்.

கிடைத்தவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல ஸ்கோப் இன்று நாணயமான கருவி. மேலே 20 கிளிக், வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டால் அட்டையில் ஒரு சதுரம் விழும். கடைசிக் குண்டு முதல் குண்டின் துளையிலேயே போய் விழும். பழைய ஸ்கோப்புகளில் திருப்பியதும் வில் சரியாக உட்காராது. குமிழை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சுடுவார்கள். சிலர் ஒரு தோட்டாவை வெறுமனே சுட்டு அதிர்ச்சி கொடுப்பார்கள். இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று வெவ்வேறு தொலைவுகளைக் கண் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் அது பலருக்கும் கடினம். ஸ்கோப்பில் எல்லாம் ஒரே தளத்தில் வந்து நிற்கிறது. குழலின் முனையில் லேசரைச் செருகி, ஒரு தோட்டாவும் சுடாமலே ஏறக்குறைய நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். முன்பு அதற்கே போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலின் வழியாக ஒரு கண்ணால் இலக்கைப் பார்த்து, துப்பாக்கி அசையாமல் குறியைப் பார்த்து, மறுபடி குழலுக்குள் பார்த்து என்று முக்கால் மணி நேரம் போகும்.

வெயில் மட்டும் மாறவில்லை. வேலூர்க் கத்திரி வெயிலில் சுட்டவர்களுக்குத் தெரியும்: குழல் சூடேறினால் அதிலிருந்து எழும் கானல் ஸ்கோப்புக்கு முன்னால் நெளிகிறது, இலக்கு நீருக்கடியில் கிடப்பதைப் போல ஆடுகிறது. வெயிலில் கிடந்த தோட்டாவின் மருந்து வேகமாக எரிகிறது. குண்டு சற்று மேலே விழுகிறது. இங்கே சரிபார்த்த துப்பாக்கியை 6,000 அடி உயர வெலிங்டனுக்குக் கொண்டுபோனால் மெல்லிய காற்றில் குண்டின் இறக்கம் மாறுகிறது. அதையே சியாச்சினுக்குக் கொண்டுபோனால் மெல்லிய காற்று ஒரு பக்கம் இழுக்கிறது, உறைந்த மருந்து இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஜீரோ என்பது ஓரிடத்துக்கும் ஒரு பருவத்துக்கும் உரியது. பெரியப்பா காலத்தில் இதற்கு ஒரு கையடக்க நோட்டு. தேதி, இடம், வெயில், காற்று, தோட்டா எந்த லாட், எத்தனை கிளிக் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவார்கள். தோல் உறை போர்த்திய பித்தளைத் தொலைநோக்கியோடு பக்கத்தில் படுத்திருக்கும் துணையாள், புல் சாய்வதையும் கானல் ஓடும் திசையையும் பார்த்துக் காற்றைச் சொல்வான். இன்று உள்ளங்கைக் கருவி காற்றின் வேகம், வெப்பம், அழுத்தம் மூன்றையும் அளந்து, லேசர் தந்த தொலைவோடு கூட்டி, எத்தனை கிளிக் என்று சொல்லிவிடுகிறது. அந்த நோட்டு எழுதியவனுக்குத் தன் துப்பாக்கியைப் பற்றி ஒரு வருடத்தில் தெரிந்தது, இந்தக் கருவி வைத்திருப்பவனுக்கு ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும். அவன் அளவுக்கு ஆழமாகத் தெரியுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

ஆயுதங்களும் மளமளவென்று மாறின. 1990களில் படையின் குறிசூட்டாளருக்கு டிராகனோவ் வந்தது. அதன் 4 மடங்கு ஸ்கோப்பில், 1.7 மீட்டர் உயர மனிதன் எந்தக் கோட்டுக்குள் அடங்குகிறான் என்று பார்த்துத் தொலைவைச் சொல்லும் வளைகோடு இருந்தது. 2019-இல் பெரெட்டாவும் பாரெட்டும், பின்னர் சாக்கோவும் வந்தன. 1,500 மீட்டர் என்பது இப்போது பேசப்படும் தொலைவு. 2019 ஒப்பந்தத்தில் 72,400 சிக் 716 ரைஃபிள்கள் வாங்கப்பட்டன; பெரும்பகுதி சாதாரண காலாட்படை வீரனுக்கு. அவற்றின் முதுகு முழுக்க ஸ்கோப் மாட்டும் பல்வரிசைத் தண்டவாளம். ஸ்கோப் என்பது தேர்ந்தெடுத்த சிலரின் உரிமையாக இருந்த காலம் போய்விட்டது. 2020-இல் நம் கடற்படை வாங்க முடிவு செய்த இஸ்ரேலியக் குறி ஒன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. கேமராவும் கணினியும் இலக்கைப் பிடித்துக்கொள்கின்றன. வீரன் விசையை அழுத்திப் பிடித்திருக்க, குறி சரியாக விழும் கணத்தில்தான் அது சுட விடுகிறது. பறந்து வரும் டிரோனை அடிக்க வேறு வழியில்லை என்பது எனக்கும் புரிகிறது. அந்தக் கணத்தில் ஆளின் மூச்சு எங்கே நின்றது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

என் அக்கா மகள் சென்னையில் படிக்கிறாள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி தொட்ட முதல் பெண் அவள்தான். இந்த மாற்றத்தை நான் எதோடும் எடை போட மாட்டேன். போட்டி விதிப்படி அவளுடைய ரைஃபிளில் தொலைநோக்கி கூடாது. பின்னால் ஊசித்துளை, முன்னால் வளையம். ஆனால் கிளிக் குமிழ்கள் ஸ்கோப்பில் உள்ளவை போலவேதான். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அவள் அடிக்க வேண்டிய பத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், ஒரு பேனா முனைப் புள்ளி. காகித அட்டை இல்லை, மின்னணு இலக்கு. குண்டு பட்டதும் பக்கத்துத் திரையில் புள்ளி விழுகிறது, தசம எண்ணோடு: 10.4, 9.8, 10.7. பெண்களுக்கு 40 குண்டாக இருந்த போட்டி 2018 முதல் ஆண்களைப் போலவே 60 ஆகியிருக்கிறது. போட்டி தொடங்குமுன் 15 நிமிடம் சரிபார்க்கும் நேரம். அதற்குள் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம்.

போன பொங்கலுக்கு அவளைக் கம்மவான்பேட்டைக்குக் கூட்டிப் போனேன். எண்பதைத் தாண்டிய பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விசாரித்தார்.

"ஜீரோவுக்கு எத்தனை ரவுண்டும்மா தர்றாங்க?"

"கணக்கே இல்ல தாத்தா. பதினஞ்சு நிமிஷம். எவ்ளோ வேணாலும் போடலாம்."

"எங்களுக்கு அஞ்சு. அப்புறம் அஞ்சு. காலிக் கூடு ஒண்ணு கொறைஞ்சாலும் ராத்திரி வரைக்கும் புல்லுல தேடணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஒவ்வொரு குண்டுக்கும் திருகிக்கிட்டே இருப்பியா?"

அவள் ஒளிக்கவில்லை. "முதல்ல அப்படித்தான் தாத்தா பண்ணுவேன். எட்டு விழுந்தா உடனே ரெண்டு கிளிக். அடுத்தது அந்தப் பக்கம் எட்டு. திரும்ப ரெண்டு கிளிக். கோச் குமிழ் மேல டேப் ஒட்டிட்டாங்க. அஞ்சு போட்டப்புறம்தான் பிரிக்கணும்னு."

பெரியப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

திரை ஒவ்வொரு குண்டுக்கும் பதில் சொல்வதால் வரும் ஆபத்து அதுதான். ஒரு குண்டு எதையும் நிரூபிப்பதில்லை. அது ஆளின் பிசகா கருவியின் பிசகா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. தன் பிசகுக்குக் கருவியைத் திருகுகிறவர், அடுத்த முறை பிசகாமல் சுட்டாலும் தவறியே அடிப்பார். காகித அட்டையின் ஊமைத்தனம் அன்று எங்களை அதிலிருந்து காத்தது. நடந்து போய்ப் பார்க்கும்வரை தெரியாது என்பதால் ஐந்தையும் ஒரே மனதாகச் சுட்டோம். இன்று அந்தத் தடுப்பை ஒரு கோச் டேப் ஒட்டிச் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. என்.சி.சி.யிலும் சிமுலேட்டர் வந்துவிட்டது. தோட்டாச் செலவில்லாமல் எத்தனையோ பிள்ளைகள் துப்பாக்கி பிடித்துப் பழகுகிறார்கள், குழல் எப்படி ஆடிற்று என்பதைக் கோடாகவே திரையில் பார்க்கிறார்கள். எங்கள் முகாமில் ஆளுக்கு ஐந்து கிடைத்தாலே பெரிது. மழை வந்தால் அதுவும் இல்லை.

கருவி எவ்வளவு நுட்பமானாலும் அந்தப் பழைய கேள்வி ஒழிந்துவிடவில்லை என்பதற்கு என் அக்கா மகளே ஒரு கதை வைத்திருக்கிறாள். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட சோதனைக் குண்டு நடுவை விட்டு வெகுதூரம் தள்ளி விழுந்தது. அவ்வளவு பெரிய பிசகு தன் உடலிலிருந்து வந்திருக்க முடியாது, குறிதான் நகர்ந்திருக்கிறது என்று உணர்ந்து, இருந்த சில நிமிடங்களில் கிளிக்குகளைத் திருப்பிச் சரிசெய்து, 700.5 புள்ளியில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தார். தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஒற்றைக் குண்டை வைத்துக் குறை கருவியுடையது என்று சொல்லும் துணிவு, பல்லாயிரம் குண்டுகளில் தன் குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவருக்கே வரும். அவளுக்கு அந்தக் கதையில் தங்கம் பிடித்திருக்கிறது. பெரியப்பா கேட்டுவிட்டு, "அந்த மொதல் குண்டு எங்க விழுந்துச்சு, எந்தப் பக்கம்?" என்றார்.

அன்று மாலை ஆம்பூருக்குத் திரும்பியதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கி அட்டையைக் காட்டினேன். அவள் தன் போனைத் திறந்து முந்தைய வாரத்துப் பயிற்சியை அதன் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் இருந்தது. எது முதலில் விழுந்தது, எது கடைசியில், எத்தனை நொடி இடைவெளியில் என்று எல்லாம் இருந்தது. ஒரு புள்ளியைத் தொட்டால் அதுவே சொல்கிறது. மொத்தத்தின் நடுவையும் அதுவே குறித்திருந்தது. அவளுடைய குண்டுகளின் நெருக்கத்துக்குப் பக்கத்தில் என் எட்டணாக் காசு ஒரு சாப்பாட்டுத் தட்டு.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

"மாமா, இதுல வரிசையே தெரியலையே. இந்தத் தனியா இருக்கிறது எத்தனாவது?"

"நாலாவது."

"எப்படிச் சொல்றீங்க?"

மூன்றாவது தோட்டாவுக்குப் பிறகு பக்கத்துப் பையனின் காலிக் கூடு ஒன்று தெறித்து என் முழங்கையில் பட்டது. சுட்டது. மூச்சை விட்டுவிட்டேன், திரும்ப இழுத்து நிறுத்துவதற்குள் விரல் அழுத்திவிட்டது. அட்டையருகே ஹவில்தார் வந்து நின்று, அந்தத் துளையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அதையே சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு, அதை விட்டுவிட்டு மற்ற நான்குக்கும் நடுவில் பென்சிலை வைத்தார்.